ஏறினதையும் சொல்லணும், இறங்கினதையும் சொல்லணும்

(அடி அண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், சுகாதார உபகுழு சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டங்களில் ரத்தசோகை பற்றிப் பேசினோம். சர்க்கரை, பிரஷர் பற்றிப் பேசினோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனைக்கு எல்லோரும் போக வேண்டும் என்று சொன்னோம். இன்றைக்கு மனசுக்கு வருகிற ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். "மனசுக்கு நோயா? அதெல்லாம் பணக்காரங்களுக்கு வர்றது"ன்னு பின்னாடி ஒரு அக்கா சொல்றது காதுல விழுது. அந்த அக்காவுக்காகத்தான் முதலில் ஒரு கதை சொல்கிறோம். நம்ம கூட்டமைப்பிலேயே நடந்த கதை. இதில் தப்பு செய்தது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான்.

நம்ம குழு ஒன்றில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். "என் பேரைச் சொல்லாம கதையைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சம்மதம் கொடுத்தார். பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போடுகிறவர். சில வருஷத்துக்கு முன்னால், மகள் கல்யாணம் முடிந்த கையோடு, இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குளிக்க மனசு வரலை, சோறு இறங்கலை, பேச்சு இல்லை. குழுக் கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் எழுதினோம். ஒரு வாரம் இல்லை, எட்டு வாரம்.

யாரோ சொல்லி ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். "மனச்சோர்வு" என்று மாத்திரை கொடுத்தார். அக்கா எழுந்தார். எழுந்தவர் சும்மா எழவில்லை. விடிய மூணு மணிக்கே எழுந்து மாவு அரைத்தார். இட்லி மாவு வியாபாரம், ஊறுகாய் வியாபாரம், பூ வியாபாரம் என்று ஒரே நேரத்தில் நாலு திட்டம் போட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி அரை மணி நேரம் பேசுவார். உள்கடன் வாங்கினார். தனியார் கம்பெனிகள் இரண்டில் கடன் வாங்கினார். குழுவில் எல்லோருக்கும் ஒரே கலரில் சேலை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கை தட்டினோம். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று அவரைக் குழுப் பிரதிநிதி ஆக்கினோம்.

ஒரு மாதத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. மறுபடியும் படுக்கை. இந்தத் தடவை தவணைக்காரர்கள் வேறு வாசலில் வந்து நின்றார்கள். நாங்களும் போய் நின்றோம். "நல்லாத்தானே இருந்தே, இப்ப என்ன திமிரு?" என்று கேட்டது எங்களில் ஒருத்தர்தான். "நான் இருக்கிறது யாருக்கும் பாரமா இருக்கு, போயிடலாம்னு தோணுது" என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் புத்திசாலி. அம்மாவை ஒரு நிமிஷம் தனியே விடாமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனது.

அங்கே டாக்டரம்மா அக்காவிடம் கேட்டதைவிட மகளிடம்தான் அதிகம் கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது அம்மா ரொம்ப சுறுசுறுப்பா, தூக்கமே இல்லாம, அசதியே தெரியாம இருந்திருக்காங்களா?" மகள் யோசித்துச் சொன்னது: "ஆமாம்மா. நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு வாரம் தூங்காம வீடு முழுக்க ராத்திரியிலேயே சுண்ணாம்பு அடிச்சாங்க. ஊரே பாராட்டுச்சு." அந்த ஒரு பதிலில் நோய் தெரிந்துவிட்டது. அது வெறும் மனச்சோர்வு இல்லை. பைபோலார் என்கிற இருமுனை மனநோய், அதில் இரண்டாம் வகை.

இது என்ன நோய்?

நம்ம எல்லோருக்கும் சந்தோஷம் வரும், துக்கம் வரும். பிள்ளை பாஸானால் துள்ளுகிறோம், ஆடு செத்தால் அழுகிறோம். அது நோய் இல்லை. இருமுனை மனநோயில் மனசு காரணத்துக்கு மீறி ஏறும், நாள்கணக்கில் ஏறியே நிற்கும். பிறகு காரணத்துக்கு மீறி இறங்கும், வாரக்கணக்கில் இறங்கியே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் மனுஷர் முழுக்க நல்லா இருக்கிற காலமும் உண்டு. அதனால்தான் ஊர் நம்புவதில்லை. "நேத்து நல்லாத்தானே இருந்தா, நடிக்கிறா" என்று சொல்லிவிடுகிறோம்.

நாம் கணக்கு எழுதுகிறவர்கள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். செலவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் ஆடிட்டருக்குக் கணக்கு புரியுமா? இந்த நோயும் அப்படித்தான். இறங்கிக் கிடக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம், இறக்கத்தை மட்டும்தான் சொல்கிறோம். ஏறியிருந்த நாட்களை யாரும் நோய் என்றே நினைப்பதில்லை. அதைச் சொல்லாவிட்டால் டாக்டருக்குப் பாதிக் கணக்குதான் தெரியும்.

பாதிக் கணக்கால் என்ன கெடுதல்? மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், இந்த நோய் உள்ள சிலருக்கு மனசு ஒரேயடியாக மேலே ஏறிவிடும். அப்புறம் விழும். நம்ம அக்காவுக்கு நடந்தது அதுதான். அந்த முதல் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவரிடம் சுண்ணாம்பு அடித்த கதையைச் சொல்லவில்லை.

இது யாருக்கு வரும்? ஆண், பெண், ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் வரும். பெரும்பாலும் வாலிப வயதில் தலைகாட்டும். ரத்த சொந்தத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பது இல்லை. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர், வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய்க்கு ஆளாகிறார் என்று அதில் தெரிந்தது. இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு 70 பேர் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். 15 பேர் உள்ள குழு 20 சேர்ந்தால் 300 பெண்கள். அதில் ஒருவரோ இருவரோ இருக்கலாம். அவர்கள் வீட்டு ஆட்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே இது பக்கத்து ஊர் விஷயம் இல்லை.

வகைகள் என்னென்ன?

எல்லாம் ஒரே பெயர்தான். ஆனால் எவ்வளவு உயரம் ஏறுகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்பதை வைத்து டாக்டர்கள் வகை பிரிக்கிறார்கள்.

முதல் வகை. இதில் ஏற்றம் ரொம்பப் பெரியது. இதற்கு மேனியா என்று பெயர், மன எழுச்சி என்று சொல்லலாம். குறைந்தது ஒரு வாரம் நீடிக்கும். அல்லது ஒரு வாரம்கூடக் காத்திருக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்கு முற்றும். தூக்கமே தேவைப்படாது. பேச்சு நிற்காது. கையில் உள்ள காசை எல்லாம் அள்ளி விடுவார்கள். தடுத்தால் கோபம், சில நேரம் அடிதடி. "எனக்கு தனி சக்தி இருக்கு" என்பார்கள். காதில் குரல் கேட்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஓர் உறுப்பினரின் தம்பி, ஆறு நாள் தூங்காமல், "இந்த வருஷம் மகாதீபத்தை நான்தான் ஏத்தணும், கலெக்டருக்குச் சொல்லிட்டேன்" என்று மலையேறப் போய்விட்டார். வீட்டில் சாமி வந்திருக்கிறது என்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வகையில் இறக்கமும் பெரும்பாலும் வரும். ஆனால் பெரிய எழுச்சி ஒரு தடவை வந்தாலே இது முதல் வகைதான்.

இரண்டாம் வகை. இதுதான் ஏமாற்றுகிற வகை. இங்கே ஏற்றம் சின்னது. ஹைப்போமேனியா, அதாவது லேசான எழுச்சி என்று பெயர். குறைந்தது நாலு நாளாவது தொடர்ந்து இருக்கும். வேலை கெடாது, சில பேருக்கு வேலை நன்றாகவே நடக்கும். குரல் கேட்பது, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எல்லாம் இருக்காது. ஆனால் வழக்கமான ஆள் இல்லை என்று கூட இருப்பவர்களுக்குத் தெரியும். இறக்கம் மட்டும் ஆழமானது, இரண்டு வாரத்துக்குக் குறையாது, மாதக்கணக்கில் போகும். "ரெண்டாவது வகைன்னா லேசானது"ன்னு நினைக்க வேண்டாம். ஏற்றம்தான் லேசு. இறக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து இரண்டு வகையிலும் உண்டு.

மூன்றாவது, சைக்ளோதைமியா. சின்னச் சின்ன ஏற்றம், சின்னச் சின்ன இறக்கம், இரண்டு வருஷத்துக்கு மேல் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு வகை அளவுக்குப் போகாது. இவர்களை ஊர் "குணம் கெட்டவ, நேரத்துக்கு ஒரு மாதிரி பேசுவா" என்று ஒதுக்கிவிடும். சிலருக்கு இது பின்னால் பெரிய வகையாக மாறலாம். அதனால் இதற்கும் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இது தவிர சில பேருக்கு இரண்டும் கலந்து வரும். மனசு முழுக்க துக்கம், உடம்பு முழுக்க பரபரப்பு. அழுதுகொண்டே நிற்காமல் நடப்பார்கள். இந்த நிலையில் தனியே விடவே கூடாது. இன்னும் சிலருக்கு ஒரு வருஷத்தில் நாலு தடவை அல்லது அதற்கு மேல் மாறி மாறி வரும். இது பெண்களிடம் அதிகம் பார்க்கப்படுகிறது. தைராய்டு கோளாறு இருக்கிறதா என்றும் அப்போது பார்ப்பார்கள். தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, கஞ்சா, சாராயம் இவற்றாலும் இதே மாதிரி அறிகுறி வரும். ஆகவே டிவி பார்த்தோ, இந்தப் பேச்சைக் கேட்டோ "உனக்கு ரெண்டாவது வகை, எனக்கு மூணாவது வகை"ன்னு நாமே முத்திரை குத்தக் கூடாது. வகை பிரிப்பது டாக்டர் வேலை. பார்த்ததைச் சொல்வது நம்ம வேலை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறோம். பிள்ளை பெற்ற முதல் சில வாரம். முதல் வகை உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த நேரத்தில் நோய் கடுமையாகத் திரும்பும். பச்சை உடம்புக்காரி இரண்டு மூணு நாள் கண் மூடாமல், சம்பந்தமில்லாமல் பேசினால், குழந்தையைப் பார்த்துப் பயந்தால், "தீட்டு, காத்து கருப்பு"ன்னு தள்ளிப் போடாதீர்கள். அது அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாயும் பிள்ளையும் தனியே இருக்கக் கூடாது.

மருந்து பற்றி

இந்த நோய்க்கு மருந்து உண்டு. சர்க்கரை, பிரஷர் மாதிரி, கட்டுக்குள் வைக்கலாம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்.

பழைய, நம்பகமான மருந்து லித்தியம். செல்போன் பேட்டரியில் போடுகிறார்களே, அதே லித்தியம்தான். பூமியில் கிடைக்கிற ஒரு உப்பு வகை. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் கைதியாக இருந்து திரும்பிய ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், 1949-ல் இதை மன எழுச்சி உள்ள பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் இருப்பதை எழுதினார். இன்றைக்கும் அது முன்வரிசை மருந்து. தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதிலும் அதற்குப் பெயர் உண்டு. வேறு மருந்துகளும் இருக்கின்றன. யாருக்கு எது என்பது வகையைப் பொறுத்தது.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு சோதனையும் டாக்டர் சொல்கிறபடி செய்ய வேண்டும். அளவு குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் விஷமாகும். கூடுவது எப்படி? உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் கூடும். வாந்தி, பேதி வந்தால் கூடும். வெயிலில் வியர்த்து விறுவிறுத்தால் கூடும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போட்டால் கூடும். சில பிரஷர் மாத்திரைகளாலும் கூடும். வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்கு குழறுவது, வாந்தி இதெல்லாம் தெரிந்தால் அடுத்த மாத்திரை போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வால்புரோயேட் என்று இன்னொரு மாத்திரை உண்டு. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அது பொதுவாக வேண்டாம் என்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்குக் குறை வரலாம். உங்கள் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் பயந்து நீங்களே நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போய்க் கேளுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிடுங்கள்.

"நல்லாயிட்டேன், இனிமே எதுக்கு மாத்திரை?" இங்கேதான் நிறைய பேர் விழுகிறார்கள். நல்லா இருப்பதே மாத்திரையால்தான்.

நம்ம ஊர் பௌர்ணமி

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். "அமாவாசை, பௌர்ணமி வந்தா புத்தி மாறும்"னு ஆயா காலத்திலிருந்து சொல்றாங்க. நிலாவைப் பற்றி நாம் சண்டை போட வேண்டாம். ஆனால் பௌர்ணமி ராத்திரி நம்ம அடி அண்ணாமலையில் யார் தூங்குகிறார்கள், சொல்லுங்கள்? மலையைச் சுற்றி 14 கிலோமீட்டரும் ஜனம். விடிய விடியக் கடை. இட்லி, டீ, பூ, பொரி, ஜூஸ். அது நம்ம வருமானம். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே மனசு மேலே ஏறத் தொடங்கலாம். இது டாக்டர்கள் உறுதியாகச் சொல்வது. தூக்கம் குறைவது நோயின் அறிகுறி மட்டுமில்லை, நோயைத் தூண்டுவதும் அதுதான்.

நம்ம அக்கா இந்த உண்மையைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். மருந்து மாற்றி நல்லபடியாக இருந்த முதல் சித்ரா பௌர்ணமி. முந்தின நாள் மாவு அரைத்து, ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்று, வியாபார மும்முரத்தில் தண்ணீர் குடிக்காமல், கால்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு வேலை செய்தார். மறுநாள் வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம். லித்தியம் கூடிவிட்டது. நல்லவேளை, சீக்கிரம் சேர்த்தார்கள், பிழைத்தார்.

இப்போது அவர் கடையை விடவில்லை. குழுவே முறை போட்டுக்கொண்டது. அக்கா மாலை நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. அதன் பிறகு இரண்டு பேர் மாற்றி மாற்றி. அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர்க் குடம். வருமானம் குறையவில்லை. கிரிவலம் போக ஆசைப்பட்டால் வெயில் இல்லாத காலை நேரத்தில், சாதாரண நாளில் போகிறார். அண்ணாமலையார் எந்த நாளில் வந்தாலும் ஏற்றுக்கொள்வார்.

சாமியும் சங்கிலியும்

கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. விபூதி பூசுங்கள், தாயத்து கட்டுங்கள், மனசுக்கு நிம்மதி. மாத்திரையை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். ஆனால் கட்டி வைப்பது, அடிப்பது, சூடு போடுவது கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் சரியில்லாதவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் விடியற்காலை தீப்பிடித்தது. காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. நம்மைப் போல வழி தெரியாத குடும்பங்கள்தான்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்துவிட்டது. அரசாங்கத்தில் மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. இன்னொரு நல்ல விஷயமும் அதில் இருக்கிறது. நோய் உள்ளவர், நல்லா இருக்கும்போதே, "எனக்கு முடியாமப் போனா இப்படி வைத்தியம் பாருங்க, இது வேண்டாம்"னு முன்கூட்டி எழுதி வைக்கலாம். தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியையும் நியமிக்கலாம். குழுவுக்குப் பிரதிநிதி போடத் தெரிந்த நமக்கு இது புதுசு இல்லை.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

டாக்டர் மாதம் ஒரு தடவை பார்க்கிறார். நாம் வாரா வாரம் பார்க்கிறோம். ஏற்றமும் இறக்கமும் முதலில் தெரிவது நமக்குத்தான். நாங்கள் செய்த தப்பிலிருந்து ஐந்து விஷயங்களைத் தீர்மானமாகவே போட்டிருக்கிறோம். எல்லாக் குழுவும் யோசித்துப் பாருங்கள்.

ஒன்று, ஒருவர் இரண்டு கூட்டம் தொடர்ந்து வராவிட்டால், அபராதம் எழுதும் முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு, திடீரென்று பெரிய கடன் கேட்டால், யாராக இருந்தாலும் ஒரு வாரம் கழித்துத்தான் முடிவு. இது எல்லோருக்கும் பொது விதி. அதனால் யார் மனசும் புண்படாது.

மூன்று, ராத்திரி வியாபாரத்துக்கு முறை போட வேண்டும். யாரும் முழு ராத்திரி நிற்கக் கூடாது.

நான்கு, யாருடைய நோயையும் தீர்மான நோட்டில் எழுதக் கூடாது, வெளியில் பேசக் கூடாது.

ஐந்து, நோய் உள்ளவர் விரும்பினால் ஒரு சின்ன நோட்டு போடலாம். சேமிப்புக்கு பாஸ்புக் மாதிரி. தினம் எத்தனை மணி நேரம் தூக்கம், மனசு மேலேயா, கீழேயா, சமமா, மாத்திரை போட்டாச்சா. நாலே கட்டம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதலாம். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு வாய் பேசும். நம்ம அக்கா அப்படித்தான் எழுதுகிறார். தொடர்ந்து இரண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் மகள் போன் பண்ணி டாக்டரிடம் கேட்கிறாள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே?"

சரியாகாது அக்கா. கல்யாணம் மருந்து இல்லை. நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்து, மறைக்காமல் சொல்லி, அப்புறம் கல்யாணம் பண்ணலாம். இந்த நோய் உள்ளவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். மறைத்துக் கட்டினால், மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டி வரும், அப்புறம் நின்று போகும்.

"ஏறியிருக்கும்போது கூப்பிட்டா வரமாட்டாங்களே, எப்படிக் கூட்டிப்போறது?"

உண்மைதான். ஏறியிருக்கும்போது தனக்கு நோய் என்றே தெரியாது. வாக்குவாதம் செய்யாதீர்கள். "உனக்கு பைத்தியம்" என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. "தூக்கம் இல்லாம உடம்பு கெட்டுடும், தூக்கத்துக்கு மட்டும் காட்டிட்டு வரலாம்" என்று அவர் மதிக்கிற ஒருவர் சொன்னால் பெரும்பாலும் வருவார்கள். நல்லா இருக்கும்போதே "அடுத்த தடவை யார் சொன்னா கேப்பே?" என்று பேசி வைப்பது இன்னும் நல்லது.

"சாகணும்னு சொன்னா என்ன பண்றது? சும்மா சொல்றாங்கன்னு விட்டுடலாமா?"

விடவே கூடாது. நேராகவே கேளுங்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று கேட்டால் எண்ணம் கூடாது, பாரம் குறையும். தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, நிறைய மாத்திரை எதுவும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவை அது.

"எங்க போய்க் காட்டுறது?"

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், வழி காட்டுவார்கள். போகும்போது நோயாளியை நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். ஏறியிருந்த நாளையும் சொல்லுங்கள், இறங்கியிருந்த நாளையும் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த எட்டு வாரத்து அபராதத்தை அக்கா கணக்கில் திருப்பி வரவு வைத்துவிட்டோம். தொகை பெரிசு இல்லை. ஆனால் அன்றைக்கு அக்கா பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசு வேணாம், அப்பவே ஒரு தடவை வந்து கதவைத் தட்டியிருந்தா போதும்"னு சொன்னார். எங்களுக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு உங்க குழுவில் யார் வரவில்லையோ, இன்றைக்குச் சாயங்காலமே போய் அவர் கதவைத் தட்டுங்கள்.